மரை வேட்டைக்கு .308: எந்தக் குண்டை நம்பலாம்?

கிளிநொச்சியான் (மெல்பேர்ன்)

வணக்கம். விக்டோரியாவில் மான் வேட்டை உரிமம் இந்த ஆண்டுதான் கைக்கு வந்தது. ரைஃபிள் .308 வின்செஸ்டர் (குண்டின் விட்டம் 0.308 அங்குலம்), 22 அங்குலக் குழல். கிழக்கு கிப்ஸ்லாந்துப் பக்கம் மரை (கடமான்) தேடிப் போக எண்ணம். மரைக்குக் குறைந்தது .270 அங்குல விட்டமும் 130 கிரெயின் (7000 கிரெயின் ஒரு பவுண்டு) எடையும் உள்ள குண்டு வேண்டும் என்கிறது இங்குள்ள சட்டம். .308-க்கு அதில் தடையில்லை. தடை கடையில்தான் வந்தது.

கடைக்காரர் மூன்று பெட்டிகளை மேசையில் வைத்தார். முதலாவது 150 கிரெயின், முனையில் பிளாஸ்டிக் வைத்தது. இரண்டாவது 180 கிரெயின், முனையில் ஈயம் தெரியும் சாதாரண மென்முனை. மூன்றாவது 165 கிரெயின், முழுச் செம்பு. விலை மென்முனையைவிட ஏறக்குறைய இரு மடங்கு. கூட வந்த நண்பர் "150தான் வளையாமல் போகும், அதையே எடு" என்கிறார். கடைக்காரரோ செம்பைத் தலையில் கட்டப் பார்க்கிறார். எதையும் வாங்காமல் திரும்பிவிட்டேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓமியோக்காரன்

வாங்காமல் வந்தது நல்லது, தம்பி. பெட்டியைப் பார்ப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைத் தீர்மானியுங்கள். குண்டு விலங்கைத் தொடும்போது என்ன வேகத்தில் இருக்கும்? எதன்மேல் போய்ப் படும்?

அந்த மலைகளில் சுடும் தூரம் பெரும்பாலும் 40 முதல் 120 மீட்டர்தான். எதிர்ச்சரிவில் நிற்பதைச் சுட்டால் 200 வரும். 100 மீட்டரில் குறியிலேயே விழும்படி நேர்செய்த ரைஃபிளில், 150 மீட்டரில் 150, 180 கிரெயின் எடைகளுக்கு இடையே உள்ள இறக்க வித்தியாசம் ஓரிரு சென்டிமீட்டர். உங்கள் நண்பர் சொல்லும் "வளையாமல் போகும்" என்பதன் மொத்தப் பலன் அவ்வளவுதான். திறந்த சமவெளியில் 350 மீட்டரில் நிற்கும் விலங்குக்கு அந்தப் பேச்சு பொருந்தும். பெரணி மரங்களுக்கு நடுவே முகத்துக்கு முகம் எழும்பும் மரைக்குப் பொருந்தாது.

இனி விலங்கைப் பாருங்கள். வளர்ந்த ஆண் மரை 200 கிலோவைத் தாண்டும். சேற்றுக்குழியில் புரண்டு எழுந்தால் தோள்மேல் மண் அப்பிக் காய்ந்திருக்கும். இதயம் முன்னங்கால்களுக்கு இடையே தாழ்வாக இருக்கிறது. நுரையீரலின் நல்ல பங்கு தோள்பட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதனால் சரியான இடத்தில் அடித்தாலே எலும்பில் படக்கூடும். சற்றுச் சாய்ந்து நின்றால் கட்டாயம் படும்.

அடிபட்ட மரை அநேகமாகப் பள்ளத்தை நோக்கித்தான் பாயும். கீழே பிளாக்பெர்ரி முட்புதர், விழுந்த மரங்கள், வாம்பட் வளைகள். குண்டு நுழைந்த துளை விரல் நுனி அளவுதான்; அதையும் மயிரும் தோலும் இழுத்து மூடிக்கொள்ளும். மறுபக்கம் துளைத்து வெளியேறியிருந்தால்தான் தரையில் இரத்தத் தடம் விழும். தடம் இல்லாமல் அந்தப் பள்ளத்தில் தேடுவது எப்படி என்று ஒருமுறை இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆகவே என் கட்சி: .308-இல் 180 கிரெயின், ஈயத்தையும் உறையையும் ஒட்டவைத்துச் செய்த குண்டு. சாதாரண 180 மென்முனையும் மோசமில்லை. 150 பிளாஸ்டிக் முனை வேண்டவே வேண்டாம்; சீக்கிரம் விரிந்து, மறுபக்கம் போகாமல் நின்றுவிடக்கூடும்.

நீலமலை

எங்கள் ஊரில் கடமான் என்றால் காட்டின் அழகு. 1972 வனவிலங்குச் சட்டப்படி அதைத் தொட்டால் சிறை. நீங்கள் அதே விலங்கைக் கொல்ல எந்தக் குண்டு நல்லது என்று தமிழில் பட்டிமன்றம் நடத்துகிறீர்கள். நன்றாக இருக்கிறது.

நிர்வாகி

நீலமலை, உங்கள் வருத்தம் புரிகிறது. கடமான் அழிவுக்கு ஆளாகக்கூடிய இனம் என்று 2008 முதல் உலகப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் விக்டோரியாவில் அது வந்தேறி. 1860களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுவந்து விட்டார்கள். அதைத் தின்னப் புலியும் சிறுத்தையும் அங்கே இல்லை. இளமரங்களின் பட்டையை உரித்தும் ஆல்ப்ஸ் மலைச் சதுப்புகளை மிதித்துக் குழப்பியும் பெருகிக் கிடக்கிறது. வேட்டை சரியா என்ற விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. சுடத்தான் போகிறார் என்றால் விலங்கு நொண்டிக்கொண்டு ஓடாமல் உடனே விழ வேண்டும். இந்த இழை அதற்கானது.

கல்கரிக்காரி

ஓமியோ அண்ணா சொன்னதற்குப் பின்னால் உள்ள கணக்கை நான் எழுதுகிறேன். தோட்டாக்களை வீட்டிலேயே நிரப்புகிறவள் என்பதால் இதில் கொஞ்சம் பைத்தியம் எனக்கு.

சாதாரண வேட்டைக் குண்டு என்பது செம்புக் கலவை உறைக்குள் ஈயம். முனையில் ஈயம் வெளியே தெரியும். பட்டதும் முனை நசுங்கி உறையைப் பின்னோக்கி உரித்துக்கொண்டு காளான் போல விரிய வேண்டும். விரிந்தால்தான் காயம் அகலும். ஆனால் விரிவும் ஊடுருவலும் ஒன்றையொன்று தின்பவை. இதற்கு ஓர் எண் இருக்கிறது: குண்டின் எடையைப் பவுண்டில் எடுத்து, அங்குல விட்டத்தின் வர்க்கத்தால் வகுப்பது. .308-இல் 150 கிரெயினுக்கு 0.226, 180-க்கு 0.271, 220-க்கு 0.331. எண் கூடினால் ஆழம் கூடும் என்று கடைகளில் சொல்வார்கள். அது குண்டு தொடும் வரைக்கும்தான் உண்மை. அந்த 180 கிரெயின் உள்ளே போய் 120 கிரெயினாகக் குறைந்து 0.60 அங்குலத்துக்கு விரிந்துவிட்டால் அதே எண் 0.048! எவ்வளவு விரைவில் விரிகிறது, எவ்வளவு எடை மிஞ்சுகிறது என்பதைத்தான் குண்டு செய்கிறவர்கள் இழுத்துப் பிடிக்கப் பார்க்கிறார்கள்.

அமெரிக்காவின் ஜான் நாஸ்லர் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் என்ற பெரிய மானை வேட்டையாடப் போனார். கையில் .300 எச் அண்ட் எச் மேக்னம். அந்தக் காலத்தில் அதிவேகத் துப்பாக்கி. சேறு காய்ந்து அப்பிய தோளுள்ள மூஸ் ஒன்றைக் கிட்டத்தில் சுட்டார். குண்டுகள் தோளிலேயே சிதறின; உள்ளே போகவில்லை. துப்பாக்கியின் பலம் போதாமல் நடந்ததல்ல இது. அந்த வேகத்துக்காகச் செய்யப்படாத குண்டை அந்த வேகத்தில் அனுப்பியதால் நடந்தது. ஊருக்குத் திரும்பி உறையின் நடுவே செம்பாலேயே ஒரு குறுக்குச் சுவர் வைத்தார். முன்னறை ஈயம் விரிந்து சிதறலாம். சுவருக்குப் பின்னால் உள்ள ஈயம் அசையாது. 1948-இல் விற்பனைக்கு வந்தது. 'பார்ட்டிஷன்' என்ற அந்தக் குண்டு இன்றும் கடையில் கிடைக்கிறது. ஜெர்மனியில் ஆர்டபிள்யூஎஸ் நிறுவனம் இதற்கு முன்பே இரண்டறைக் குண்டு செய்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பெயர் என்னவோ நாஸ்லருக்குப் போய்விட்டது.

கிளிநொச்சியான், இதிலிருந்து உங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது: உங்கள் .308 அப்படியொரு அதிவேக மேக்னம் இல்லை. 180 கிரெயின் குழல்வாயை விட்டுப் புறப்படும்போது நொடிக்குச் சுமார் 800 மீட்டர். நூறு மீட்டரில் 730 பக்கம். இந்த வேகத்தில் சாதாரண மென்முனைகூட ஒழுங்காக நடந்துகொள்ளும். .300 மேக்னத்தில் 40 மீட்டரில் சுடுகிறவர்கள்தான் குண்டுக்கு அதிகப் பணம் கொடுத்தே ஆக வேண்டும். வேகம் கூடக் கூடக் குண்டு கெட்டியாக இருக்க வேண்டும். கடைகளில் தலைகீழாகத்தான் நடக்கிறது: மேக்னம் வாங்கிக் காசு தீர்ந்தவர், குண்டில் மிச்சம் பிடிக்கிறார்.

வேங்கைமலை

இவ்வளவு கணக்கு தேவையா? பழைய யானை வேட்டைக்காரர் கரமோஜோ பெல் 7 மில்லிமீட்டர் ரைஃபிளை வைத்துக்கொண்டு ஆப்பிரிக்காவில் நூற்றுக்கணக்கான யானைகளைச் சாய்த்தார். மரை என்ன பெரிய விலங்கு? எந்தக் குண்டும் போதும். அடிக்கிற கைதான் முக்கியம்.

ஓமியோக்காரன்

பெல் பெயர் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பயன்படுத்தியது விரியாத முழு உறைக் குண்டு. 173 கிரெயின், 7 மில்லிமீட்டருக்கு நீளமானது. அந்த அக்கா சொன்ன எண்ணில் 0.3-ஐத் தாண்டும். யானையின் மண்டையோட்டை நெடுக வெட்டிப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று பாடம் படித்தவர் அவர். மூளைக்குப் போகும் குண்டு விரிய வேண்டியதில்லை, வளையாமல் போனால் போதும். நீங்களும் நானும் மரையின் நெஞ்சுக்குக் குறிவைக்கிறோம். அங்கே முழு உறைக் குண்டு பென்சில் அளவு ஓட்டை போட்டுவிட்டு மறுபக்கம் போய்விடும். மரை அடுத்த மலையில் போய்ச் சாகும். இதனால்தான் அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் வகைகளுக்கு முழு உறைக் குண்டைத் தடை செய்திருக்கிறார்கள்.

கை முக்கியம் என்பதில் மறுப்பில்லை. ஆனால் மரை திரும்பி நிற்பதும் நடுவில் ஒரு கிளை குறுக்கிடுவதும் உங்கள் கையில் இல்லை.

சிற்றோடை

சந்தேகம். விரியும் குண்டு உலக அளவில் தடை செய்யப்பட்டது என்று படித்திருக்கிறேனே?

கல்கரிக்காரி

அது போருக்கு. 1899 ஹேக் பிரகடனம். கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச் சாலையில் பிரிட்டிஷ் படைக்காகச் செய்த மென்முனைக் குண்டுகள்தான் அந்தத் தடைக்கு மூலகாரணம். அந்தப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேட்டையில் நியாயம் நேரெதிர்: விலங்கு காயத்தோடு அலையக்கூடாது.

ஆர்ஹூஸ் ரவி

டென்மார்க்கிலிருந்து எழுதுகிறேன். இங்கே இந்த விவாதத்துக்கே இடமில்லாமல் செய்துவிட்டார்கள். சிதறுரவைகளில் ஈயத்தை 1996-லேயே நிறுத்தினார்கள். ரைஃபிள் குண்டிலும் 2024 ஏப்ரல் முதல் ஈயம் கூடாது. எல்லோரும் செம்புதான். முதலில் முணுமுணுத்தோம், இப்போது பழகிவிட்டது.

அந்தக் கடைக்காரரைச் சந்தேகிக்க வேண்டாம். அவர் காட்டியது நல்ல பொருள். முழுச் செம்புக் குண்டில் ஈயமும் உறையும் பிரிந்து போகும் பேச்சே இல்லை, ஏனென்றால் இரண்டு பாகமே இல்லை. முனையில் ஒரு குழி. பட்டதும் குழி பிளந்து நான்கைந்து இதழ்களாகப் பின்னுக்கு மடங்கும். எடை ஏறக்குறைய முழுதும் மிஞ்சும். பார்ன்ஸ் நிறுவனம் 1989-இல் கொண்டுவந்த 'எக்ஸ்' தான் இதைப் பரவலாக்கியது. பழைய செம்பில் குழலெல்லாம் செம்பு படியும் என்று புகார் இருந்தது. பின்னால் உடலில் வரிப்பள்ளங்கள் வெட்டிய பிறகு அது பெருமளவு தீர்ந்தது.

ஆனால் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும்.

செம்பின் அடர்த்தி 8.96, ஈயத்தின் அடர்த்தி 11.34. அதனால் ஒரே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். நீளமான குண்டு நிலையாகப் பறக்க வேகமான சுழற்சி வேண்டும். உங்கள் குழலின் உட்புற வரிகள் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்றா, 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றா என்று பாருங்கள். 12 என்றால் 165-ஐவிட 150 கிரெயின் செம்பு பாதுகாப்பு. செம்பு எடை இழக்காது என்பதால் ஒரு படி இறங்குவதில் நட்டமில்லை. ஈயத்தில் 150 வேண்டாம் என்று அண்ணா சொன்னது செம்புக்குப் பொருந்தாது.

அடுத்தது, செம்பு விரிய வேகம் தேவை. நொடிக்கு 550 முதல் 600 மீட்டருக்குக் கீழே போனால் பல செம்புக் குண்டுகள் அரைகுறையாகத்தான் திறக்கும். .308-இல் 300 மீட்டர் வரை அந்தக் கவலை இல்லை. நீண்ட தூரத்துக்கு ஆசைப்படாதீர்கள், அவ்வளவுதான்.

கடைசியாக, ஈயத்துக்கு நேர்செய்த தொலைநோக்கி செம்புக்குச் செல்லாது. மறுபடி சுடும் திடலுக்குப் போய் நேர்செய்ய வேண்டும்.

ஓமியோக்காரன்

ரவி சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் செம்பு அடித்த மரை சில நேரம் அடி வாங்கியதாகவே காட்டிக்கொள்ளாமல் ஓடும். விலா எலும்புகளுக்கு இடையே மட்டும் புகுந்து போனால் ஈயம் செய்கிற அளவு சேதத்தைச் செம்பு செய்யாது. செம்பு வைத்திருப்பவர் தோள் எலும்பைத் தேடி அடிக்க வேண்டும். அங்கே கொஞ்சம் இறைச்சி போகும். ஈயத்தில் எனக்கு இரண்டு இடத்திலும் வேலை நடக்கிறது.

எடை மிஞ்சுவதையே பெரிய பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள். பார்ட்டிஷனில் மூன்றில் ஒரு பங்கு எடை போய்விடும். அது குறையில்லை, அப்படித்தான் வடிவமைத்தார்கள். முன்பாதி நுரையீரலைக் கிழிக்கிறது, பின்பாதி மறுபக்கத் தோலைத் துளைக்கிறது.

கல்கரிக்காரி

இரண்டு வகையையும் கையில் வைத்துப் பார்த்தால் விவாதம் சுலபமாகும். ஒரு பெண் மூஸ் மறுபக்கத் தோலுக்கு அடியில் நிறுத்திவைத்த குண்டு ஒன்று என் மேசையில் இருக்கிறது. தோலுரிக்கும்போது நெல்லிக்காய் போல ஒரு வீக்கம். கத்தி நுனியால் கீறியதும் விழுந்தது. ஒட்டவைத்த 180 கிரெயின். முனை முழுவதும் பின்னால் சுருண்டு, ஓரங்கள் கிழிந்த தகரம் மாதிரி கூராக நிற்கின்றன. சுருளுக்குள் எலும்புத் தூள் வெள்ளையாகச் சிக்கியிருக்கிறது. அடிப்பகுதியில் குழலின் வரிகள் கெடாமல் அப்படியே தெரிகின்றன. வெடிமருந்து நிறுக்கும் தராசில் வைத்தால் 158. தோள் எலும்பை உடைத்துக்கொண்டு போன பிறகு இது. இதே வேலையை ஒட்டாத சாதாரணக் குண்டு செய்யும்போது சில சமயம் உறை ஓர் இடத்திலும் ஈயம் இன்னோர் இடத்திலும் கிடைக்கும். அப்போதும் விலங்கு சாகிறதுதான். ஆனால் அடுத்த முறை அப்படியே நடக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

கிளிநொச்சியான்

எல்லோருக்கும் நன்றி. குழலில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று எழுதியிருக்கிறது, ரவி அண்ணா. ஒரு கேள்வி மிச்சம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இறைச்சியில் ஈயம் கலக்கும் என்பது உண்மையா, அல்லது செம்பு விற்பதற்கான பயமுறுத்தலா?

ஆர்ஹூஸ் ரவி

உண்மை. ஈயக் குண்டு அடித்த மானை எக்ஸ்-கதிர் படம் எடுத்தால், காயத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் கையகல தூரத்துக்கும் அப்பால் சிதறியிருப்பது தெரியும். 2008-இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்கு நன்கொடையாக வந்த அரைத்த மான் இறைச்சியில் ஈயம் காணப்பட்டு, அதை வழங்க வேண்டாம் என்று அரசே சொன்னது. கலிபோர்னியாவில் காண்டர் கழுகுகளைக் காப்பாற்ற 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயம் முற்றாகத் தடை. காட்டில் விட்டுவரும் குடலைத் தின்ன உங்கள் ஊரில் ஆப்புவால் கழுகுகள் இருக்கின்றன. டாஸ்மேனியாவில் அவற்றின் உடலிலும் ஈயம் கண்டிருக்கிறார்கள்.

ஈயமே பயன்படுத்துவதானால் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள். இரத்தம் கட்டிய இறைச்சியை அரைக்கக் கொடுக்காதீர்கள். சிறு பிள்ளைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் அந்த இறைச்சி வேண்டாம்.

ஓமியோக்காரன்

பிள்ளைகள் என்றால் என் வாயை மூடிக்கொள்கிறேன். செம்பே எடுங்கள்.

வேங்கைமலை

கடையில் 168 கிரெயின், குறிபார்த்துச் சுடும் போட்டிக்கான குண்டு மலிவாகக் கிடைக்கிறது. காகிதத்தில் ஒரே துளையாக அடிக்கிறது. அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

கல்கரிக்காரி

அது காகிதத்துக்குச் செய்தது. முனையில் தெரியும் சிறு துளை விரிவதற்காக வைத்ததல்ல; உறையை அடிப்பக்கத்திலிருந்து முனைக்கு இழுத்து மூடும் முறையில் மிஞ்சிய வாய் அது. விலங்கில் பட்டால் ஒரு முறை வெடித்துச் சிதறும், இன்னொரு முறை விரியாமலே ஊசி போலப் போகும். பெட்டியிலேயே பல நிறுவனங்கள் வேட்டைக்கு வேண்டாம் என்று அச்சிட்டிருக்கின்றன. படியுங்கள்.

கிளிநொச்சியான்

திடலுக்குப் போய் வந்தேன். 165 செம்பும், ஓமியோ அண்ணா சொன்ன 180 ஒட்டவைத்ததும் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டேன். 100 மீட்டரில் இரண்டும் ஓர் ஆரஞ்சுப் பழ அளவுக்குள் விழுந்தன. செம்பு இன்னும் சற்று நெருக்கம். ஆனால் முதல் சில குண்டுகள் கலைந்து விழுந்து, பிறகுதான் கூடின. ரைஃபிளில் கோளாறா?

ஆர்ஹூஸ் ரவி

கோளாறில்லை. முன்பு ஈயக் குண்டு சுட்ட குழலில் அதன் உறைப் படிவு இருந்திருக்கும். செம்பு கரைக்கும் திரவத்தால் வெள்ளைத் துணி நீலம் காட்டாமல் வரும்வரை துடைத்துவிட்டு மறுபடி சுடுங்கள். துடைத்த குழலில் முதல் இரண்டு மூன்று குண்டுகள் இடம் மாறி விழலாம். அதனால் காட்டுக்குப் போகும் முன் திடலில் சிலவற்றைச் சுட்டுவிட்டு, குழலைத் துடைக்காமலே எடுத்துப் போங்கள்.

ஓமியோக்காரன்

மேசையில் சாய்ந்து சுட்டது போதும், தம்பி. முழங்காலிட்டும், மரத்தில் சாய்ந்தும், மூச்சு வாங்க ஏறி வந்த பிறகும் சுட்டுப் பாருங்கள். எந்த நிலையில் ஆரஞ்சு பூசணியாகிறதோ அந்த நிலையில் எவ்வளவு தூரம் வரை சுடலாம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

பெட்டியின் ஓரத்தில் லாட் எண் (ஒரே தொகுப்பில் செய்ததைக் காட்டும் எண்) அச்சிட்டிருக்கும். திடலில் சுட்ட அதே எண்ணுள்ள பெட்டிகளாகப் பார்த்து இந்தப் பருவத்துக்குப் போதுமான அளவு ஒரேயடியாக வாங்கிவிடுங்கள். எண் மாறினால் குண்டு விழும் இடமும் சில விரற்கடை மாறக்கூடும். மறுபடி நேர்செய்ய வேண்டியிருக்கும்.

கிளிநொச்சியான்

கடையில் அதே எண்ணில் நான்கு பெட்டிகள் இருக்கின்றனவாம். சனிக்கிழமை வரை எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.